எந்த ஊர் என்று கேட்டால்... (சேத்தூரின் கதை)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா, ஊர்க்கதையா இருந்தாலும் சரி" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சைட் ரிப்போர்ட்டும் எஸ்டிமேட்டும் தவிர நான் வேறு எதுவும் எழுதிப் பழக்கப்பட்டவன் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை இந்த மலரில்தான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தத் தப்பு நடந்த இடம் நம் கல்லூரி ஹாஸ்டல். தப்புச் செய்தவன் நான்.

முதல் வருஷம், முதல் நாள் ராத்திரி. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைச் சீனியர் அண்ணன்கள் வராந்தாவில் வரிசையாக நிறுத்திப் பேர், பிராஞ்ச், ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவன், "ஸ்ரீவில்லிபுத்தூர்ண்ணே" என்றான். "அப்ப ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனா பால்கோவா வரணும்டா" என்றார்கள். அடுத்தவன் சிவகாசி. "தீபாவளிக்கு எங்களை மறந்துராதடா" என்றார்கள். ஒரே சிரிப்பு. என் முறை வந்தது. "ராஜபாளையம்ண்ணே" என்றேன். "வீட்ல நாய் இருக்காடா?" என்று கேட்டார்கள். அதற்கும் சிரிப்பு. நான் தப்பித்தேன்.

என் சொந்த ஊர் ராஜபாளையம் இல்லை. சேத்தூர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் பஸ்ஸில் இருபது நிமிஷம். நாலு வருஷமும் நான் ராஜபாளையத்துக்காரனாகவே இருந்துவிட்டேன். ஏன் பொய் சொன்னேன்? சேத்தூர் என்றால் முதலில் "அது எங்கடா இருக்கு?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அடுத்து, "அங்க என்னடா இருக்கு?" என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கான பதில். பத்துப் பதினைந்து வருஷம் லேட்டாக வருகிறது. அன்றைக்கு வராந்தாவில் நின்ற சீனியர் அண்ணன்கள் மன்னிக்கவும்!

ஓமனில் கிடைத்த சூடு

படிப்பு முடிந்து சிவில் வேலைக்காகச் சில வருஷம் ஓமன் நாட்டில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கூட வேலை பார்த்த உள்ளூர் இன்ஜினீயர் ஒருவர் என்னை நிஸ்வா என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே 'பலஜ் தாரிஸ்' என்று ஒரு வாய்க்கால். மலையடிவாரத்தில் நிலத்துக்குள் இருக்கும் ஊற்றைத் தேடிப் பிடித்து, பம்பு மோட்டார் எதுவும் இல்லாமல், வெறும் சரிவை வைத்தே தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓமனில் இந்த மாதிரி இன்னும் சுமார் 3,000 வாய்க்கால்கள் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தாரிஸ் அந்த ஐந்தில் ஒன்று. தண்ணீரை ஆளுக்கு இத்தனை நேரம் என்று பங்கு பிரிப்பார்களாம். கடிகாரம் வருவதற்கு முன் பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் நேரம் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைக் கவனிக்க 'வகீல்' என்று ஒருவர் உண்டு.

அந்த நண்பர் தன் தாத்தாவின் பங்கு எவ்வளவு நேரம் என்பது வரைக்கும் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை, எங்க ஊர்ல வயல்தான் இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்தவுடனே உள்ளுக்குள் சுருக்கென்றது. நான் யாருடைய பேரன்? கண்மாய்ப் பாசனத்தில் ஐம்பது வருஷம் நெல் போட்டவரின் பேரன். எங்கள் பக்கத்தில் 'வகீல்' கிடையாது, 'நீர்பாய்ச்சி' உண்டு. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று தீர்மானிக்கிற ஆள் அவர்தான். அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். இவ்வளவும் தெரிந்தும், சிவில் இன்ஜினீயர் என்ற பட்டத்தையும் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லை" என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் ஊரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

பேரிலேயே இருக்கிறது

பழைய தமிழ்ப் புத்தகங்களில் எங்கள் ஊர்ப் பெயர் 'சேற்றூர்' என்றுதான் அச்சாகியிருக்கும். சேறு, ஊர் இரண்டும் சேர்ந்து சேற்றூர். பேச்சு வழக்கில் சேத்தூர் ஆகிவிட்டது. சின்ன வயசில் இந்த அர்த்தம் தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "என்ன தாத்தா, சேறுன்னு போய் ஊருக்குப் பேர் வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். "ஏலே, சேறு இருக்கிற ஊர்லதாம்ல சோறு இருக்கும்" என்றார் தாத்தா. அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விருதுநகர் மாவட்டம் என்றாலே கரிசலும் தீப்பெட்டியும்தான் வெளியூர்க்காரர்கள் நினைவுக்கு வரும். ஆனால் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு பட்டை நஞ்சை ஓடுகிறது. மலையில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி முதல் கண்மாயை நிரப்பும். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த கண்மாய். மேலே இருப்பது உடைந்தால் கீழே இருப்பவை எல்லாம் ஆபத்து. மேலே அடைத்துக்கொண்டால் கீழே எல்லாம் வறட்சி. ஆகவே ஊருக்கு ஊர் பேசித்தான் ஆக வேண்டும்.

பாண்டி நாட்டுக் கண்மாய்களில் இருந்த பழைய குமிழி மடையைப் பற்றி நம் சிவில் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்மாயின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவில் கீழே ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்பக்கம் ஒரு துளை. அதற்கு 'நீரோடி' என்று பெயர். அதை அடைத்திருக்கும் மூடியைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் உள்ள சுரங்கக் கால்வாய் வழியே வயலுக்குப் போகும். தொட்டியின் அடிப்பக்கத்தில் சின்னத் துளைகள் உண்டு. அவற்றுக்கு 'சேறோடி' என்று பெயர். தண்ணீர் வேகமாக ஓடும்போது கண்மாயின் அடியில் படிந்த வண்டலை அந்தத் துளைகள் இழுத்துக்கொள்ளும். கண்மாய் தூர்ந்து போவது குறையும், வயலுக்கு உரமும் போய்ச் சேரும். அணைகளில் வண்டல் படிவதை எப்படிச் சமாளிப்பது என்று இன்றைக்கும் உலகமெங்கும் இன்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நம்மவர்கள் சேற்றுக்கென்றே தனியாக ஒரு வாசல் வைத்திருந்தார்கள்.

பாளையம், ஜமீன், பிறகு...

இனி சரித்திரத்துக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மலையடிவாரத்தை ஒட்டிச் சேத்தூர், சிவகிரி, தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி, ஊற்றுமலை என்று வரிசையாக மறவர் பாளையங்கள் இருந்தன. மலைக் கணவாய்களைக் காவல் காப்பதும், வரி வசூலிப்பதும், கண்மாய்களைப் பராமரிப்பதும் பாளையக்காரர்களின் வேலை.

1750-களில் நெற்கட்டான்செவல் பூலித்தேவர், ஆற்காட்டு நவாபுக்கும் அவருக்குத் துணை வந்த கும்பினிப் படைக்கும் எதிராக நின்றபோது, அந்தப் போர் நடந்தது இந்த மேற்குப் பாளையங்களின் மண்ணில்தான். யூசுப்கான் என்ற மருதநாயகம் பீரங்கிகளோடு வந்தார். 1761-இல் நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகள் விழுந்தன. இன்றைக்கு நீங்கள் குற்றாலத்துக்குப் போகிற அதே பாதைதான். வாசுதேவநல்லூரில் பஸ் நிற்கும்போது டீ குடிக்கிறோமே, அங்கேதான்.

1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மேஜர் பானர்மன் உத்தரவு போட்டார். 1801-இல் கடைசிப் போரும் முடிந்தது. 1803-இல் வந்த நிரந்தர வரி ஏற்பாட்டில், எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். படை வைத்திருந்தவர்கள் 'பேஷ்குஷ்' கட்டுகிறவர்கள் ஆனார்கள். சேத்தூர்ப் பாளையம் அப்படித்தான் சேத்தூர் ஜமீன் ஆயிற்று. சேவுகபாண்டியன் என்பது அந்தப் பரம்பரையில் வழங்கிய பெயர். நான் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பள்ளி பேட்ஜில் பெயரைக் குத்திக்கொண்டு திரிந்தேனே தவிர, அது யார் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

1948-இல் சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் மட்டும் அல்ல. கண்மாய், வாய்க்கால், காடு, புறம்போக்கு எல்லாமே அரசுக்கு வந்துவிடும் என்பது அந்தச் சட்டம். 1949 ஏப்ரலில் மாகாணத்தின் முதன்மை மந்திரியாகப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? எங்கள் பக்கத்து ஊர் ராஜபாளையத்து பூ. ச. குமாரசாமி ராஜா! உழுகிறவனுக்குப் பட்டா கிடைத்தது பெரிய நன்மை. எங்கள் தாத்தாவுக்கும் அப்படித்தான் நிலம் பெயருக்கு வந்தது. ஆனால் கண்மாயைத் தூர்வார யாரைப் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு முன்பு கூப்பிடு தூரத்தில் பதில் இருந்தது. அதற்குப் பிறகு மனு எழுத வேண்டியதாயிற்று. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

ரயில் ஏன் வரவில்லை?

ஊர் பெயர் வெளியே தெரியாமல் போனதற்கு எனக்குத் தோன்றும் ஒரு காரணத்தைச் சொல்கிறேன். 1927-இல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை ரோட்டோடு கூடவே வரும் தண்டவாளம், அதற்கப்புறம் மலையை விட்டு விலகிக் கிழக்கே கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் என்று திரும்பிவிடும். மலையடிவார ரோட்டிலேயே இருக்கிற சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி எதற்கும் ஸ்டேஷன் இல்லை.

ராஜபாளையத்துக்கு 1930-களில் ஆலை வந்தது. பஞ்சு வந்து இறங்கவும் நூல் ஏறவும் ஸ்டேஷன் இருந்தது. ஊர் வளர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் இருக்கிறது. அரசு முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்று ஊரே பெருமை பேசும். பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ராஜபாளையம் நாய்க்குக்கூட 2005-இல் தபால் தலை போட்டார்கள்! நடுவில் சேத்தூர் பஸ் கண்டக்டர் வாயில் மட்டும் வாழ்கிற பெயராகிவிட்டது. "சேத்தூர் இறங்கு, சேத்தூர் இறங்கு" என்று அரை நிமிஷம். அதற்குள் தூங்குகிறவர்கள் கண்ணைத் திறக்கக்கூட மாட்டார்கள்.

பாரதிக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பகுதியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன் என்றே சொல்லலாம்.

கோட்டையும் படையும் போன பிறகு ஜமீன்தார்கள் பலர் தமிழ்ப் புலவர்களை ஆதரித்தார்கள். சேத்தூர் அரண்மனையிலும் அப்படிப் புலவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பக்கத்து ஊரான முகவூர் இராமசாமிக் கவிராயர். காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இளமையில் இந்தக் கவிராயரிடம் பாடம் கேட்டவர். பிறகுதான் ஊற்றுமலை அரண்மனைக்குப் போய்ப் புகழ் பெற்றார். இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் ஊர்களில் அவர் மெட்டு கேட்கிறது.

கவிராயரின் மகன்கள் அருணாசலக் கவிராயர், சுப்பிரமணியக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் மூவரும் புலவர்கள். மூன்று பேரும் பெயருக்கு முன்னால் 'மு.ரா.' என்று போட்டுக்கொண்டார்கள். முகவூர் இராமசாமி என்று ஊரும் அப்பாவும் அதில் அடக்கம். இவர்களில் மு.ரா. கந்தசாமிக் கவிராயர் மதுரையில் 'விவேகபானு' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். 1904 ஜூலை இதழில் ஒரு இளைஞர் எழுதிய பாட்டு அதில் வெளியானது. பாட்டின் பெயர் 'தனிமை இரக்கம்'. எழுதியவர் எட்டயபுரம் சுப்பிரமணிய பாரதி. வயது 21. அச்சில் வந்த பாரதியின் முதல் கவிதை என்று ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

நினைத்துப் பாருங்கள். அப்போது பாரதியின் பெயர் வெளியே பரவாத காலம். அந்தப் பாட்டை வாங்கி, படித்து, "போடலாம்" என்று அச்சுக்குக் கொடுத்த ஆசிரியர் எங்கள் வட்டாரத்துக்காரர். ஹாஸ்டல் வராந்தாவில் "அங்க என்னடா இருக்கு?" என்று கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம். தெரியவில்லையே!

தேவதானமும் ஐந்து கோயில்களும்

சேத்தூருக்குள் திருக்கண்ணீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஊரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் தேவதானம். சிவன் கோயிலுக்கு மானியமாக விட்ட நிலத்துக்குத் 'தேவதானம்' என்று பெயர். அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. இங்கே சுவாமி நச்சாடை தவிர்த்தருளிய நாதர், அம்மன் தவம்பெற்ற நாயகி. சோழ மன்னன் ஒருவன் பாண்டியனைக் கொல்ல விஷம் தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான், சிவபெருமான் அந்த நஞ்சு ஆடையிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றினார் என்பது தலபுராணம். இந்தக் கோயிலின் அறங்காவலர்களாகச் சேத்தூர் ஜமீன் குடும்பத்தார் இருந்து வந்திருக்கிறார்கள்.

காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம் என்று பஞ்சபூதத் தலங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்திலேயே தனியாக ஒரு ஐந்து உண்டு. சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரி அன்று ஐந்தையும் தரிசிக்க வேன் பிடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

தேவதானத்துக்கு மேற்கே சாஸ்தா கோயில். அதன் பக்கம் அருவியும் நீர்த்தேக்கமும் உள்ளன. இந்த மலைத்தொடரில்தான் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. ஆகவே வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பிளாஸ்டிக் கூடாது. பாட்டு, டான்ஸ், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் ஹாஸ்டலோடு நிற்கட்டும்.

நெருப்பில் போன ஏடுகள்

ஐந்து கோயில்களில் கரிவலம்வந்தநல்லூரை நெருப்புத் தலம் என்றேன். அந்த ஊரைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதையான 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கும் ஒரு செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய பாண்டியர் காலத்து ஏட்டுச் சுவடிகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் தேடிக்கொண்டு வந்தார். கோயில்காரரிடம் விசாரித்தார். ஏடுகள் எல்லாம் சிதைந்து கூளமாகக் கிடந்தன என்றும், அப்படிப்பட்ட சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட வேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருப்பதாகவும், அதன்படியே செய்துவிட்டதாகவும் அவர் பதில் சொன்னாராம். அந்த மூட்டையில் எந்தெந்த நூல் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. மரியாதையோடுதான் செய்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

படித்தபோது அவர்மேல் கோபம் வந்தது. பிறகு என் தாத்தா நினைவு வந்தது. எங்கள் வயல் இருந்த கண்மாயில் ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் உண்டு. எந்த மடையில் எத்தனை வயல் பாயும், எந்த வருஷம் கரை எந்த இடத்தில் உடைந்தது, யார் யார் மண் சுமந்தார்கள் என்று தாத்தா விரல் விட்டுச் சொல்வார். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டிருப்பார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே "ம்... ம்..." என்பேன். சர்வே பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய பையன். ஒரு வரி குறித்து வைக்கவில்லை. நான் ஓமனில் இருந்தபோது தாத்தா இறந்துபோனார்.

லீவில் வந்தபோது பெரியப்பாவோடு அந்தக் கரையில் முழுக்க நடந்தேன். "இந்த மடைக்கு என்ன பேர் பெரியப்பா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றுக்குச் சொன்னார். மற்றவற்றுக்கு நின்று யோசித்துவிட்டு, "உங்க தாத்தாவுக்குத் தெரியும்ப்பா" என்றார். கரிவலம்வந்தநல்லூர்க்காரரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே ஒரு வேண்டுகோள்

புலம்பிவிட்டுப் போவதற்கு இந்த மலரில் இடம் கேட்கவில்லை. நம் கல்லூரியில் படிக்கிற, படித்த பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்தத் தென்காசி ரோட்டு ஊர்களிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீட்டுப் பிள்ளைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுப் பிள்ளைகள், சிவகிரியில் கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு தாத்தாவோ ஆச்சியோ இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் கேட்பது இதுதான். தம்பி தங்கைகள் ஆளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர், மடைகளின் பெயர், மறுகால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது, கோயில் சுவரில் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது, ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததாகச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கதை வேறு, கல்வெட்டு வேறு. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகக் குறியுங்கள். கல்வெட்டைக் கண்டால் சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தடவ வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுத்தாலே எழுத்து தெளிவாக வரும். பிறகு தொல்லியல் துறைக்கோ வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைக்கோ சொல்லிவிடுங்கள். சிவில் பிள்ளைகள் ஒரு படி மேலே போய் மடையை அளந்து படம் போடலாம். மினி ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?

இதையெல்லாம் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரியில் வைத்தால் போதும். வருஷத்துக்குப் பத்து நோட்டு என்றாலும் பத்து வருஷத்தில் நூறு ஊர். முதல் நோட்டு நான் தருகிறேன். சேத்தூரின் நோட்டு. அதில் சில மடைகளுக்கு நேரே பெயர் இல்லாமல் கோடு மட்டும் போட்டிருக்கும். யாருக்காவது தெரிந்தால் நிரப்புங்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு இன்னொரு அழைப்பு. சந்திப்பு முடிந்த மறுநாள் காலையில் சேத்தூர், தேவதானம் பார்த்துவிட்டுக் கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வழியாக மாலைக்குள் திரும்பிவிடலாம். நான் கூட வருகிறேன். வழியில் டீ என் செலவு. சீனியர் அண்ணன்கள் வந்தால் அதே மாதிரி வரிசையாக நிறுத்தி என்னிடம் திரும்பவும் ஊரைக் கேட்க வேண்டும். இந்தத் தடவை சரியாகச் சொல்வேன்.

என் ஊர் சேத்தூர்ண்ணே. அங்க என்ன இருக்குன்னு கேளுங்க.

வாழ்க நம் கல்லூரி. வளர்க நம் நட்பு.